திரை கண்டதும் காணாததும்: இணையவழிப் பயிற்சியில் கற்பவர் பதிவுகள்

மொன்றியல் நகரில் படிக்கிறவரும் வேலை தேடுகிறவரும் இணையவழிப் பயிற்சியைத் தொடாமல் இருப்பது அரிது. கியூபெக் பல்கலைக்கழகத்தின் மொன்றியல் வளாகமும் கொன்கோர்டியா பல்கலைக்கழகமும் மூடுல் என்ற கற்றல் மேலாண்மை மென்பொருளில் பாடம் நடத்துகின்றன. மொன்றியல் பல்கலைக்கழகத்தின் ‘ஸ்டூடியம்’ தளமும் மூடுலின் மேல் கட்டப்பட்டதுதான். மெக்கில் பல்கலைக்கழகம் பிரைட்ஸ்பேஸைப் பயன்படுத்துகிறது. பிரெஞ்சு கற்க வேண்டிய புலம்பெயர்ந்தோருக்கு 2023 ஜூனில் தொடங்கிய ‘பிரான்சிசாசியோன் கெபெக்’ இணைய வகுப்பும் தருகிறது. கோட்-தே-நேஜிலும் பார்க்-எக்ஸ்டென்ஷனிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களில் மகள் பல்கலைக்கழகப் பாடத்தைத் திறந்திருப்பாள். தகப்பனார் வேலையிடப் பாதுகாப்புப் பயிற்சியை ஓட்டிக்கொண்டிருப்பார். தாயார் பிரெஞ்சு வினைச்சொற்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பார்.

மூவரும் பாடத்தைப் பார்க்கிறார்கள். பாடமும் அவர்களைப் பார்க்கிறது. எப்போது வந்தார், எதைத் திறந்தார், எத்தனை முறை தேர்வெழுதினார், எங்கே நின்றுபோனார் என்பதெல்லாம் வரிசையாகப் பதிவாகிறது. பிறகு அந்த வரிசையிலிருந்து ஒரு அறிக்கை எழுகிறது. அது ஆசிரியர் கைக்குப் போகலாம், மேலாளர் கைக்குப் போகலாம், அரசு அலுவலகத்துக்கும் போகலாம். யாரைப் பற்றிய அறிக்கையோ அவர் கைக்குத்தான் பெரும்பாலும் அது போவதில்லை. இந்தக் கட்டுரை சொல்ல வருவது ஒன்றே: செயல்பாட்டு வரலாற்றின் முதல் வாசகர் கற்பவராகவே இருக்க வேண்டும். அப்படி அமைந்தால்தான் அந்த அறிக்கை உண்மைக்கும் நியாயத்துக்கும் அருகில் வரும்.

ஒரு வரியின் பிறப்பு

மூடுலில் ஒரு பாடத்தின் பதிவு அறிக்கையைத் திறந்தால் ஒவ்வொரு வரியிலும் சில கட்டங்கள் இருக்கும். நேரம், பயனரின் பெயர், எந்தப் பாடப் பகுதி, என்ன நிகழ்வு, சிறு விளக்கம், உலாவியில் இருந்தா வேறு வழியிலா, கடைசியில் ஐ.பி. முகவரி. ‘இந்த எண்ணுள்ள பயனர் இந்த எண்ணுள்ள பக்கத்தைப் பார்த்தார்’ என்று விளக்கக் கட்டம் சொல்லும். ஆனால் நடந்தது அதுவல்ல. அந்தப் பக்கத்தை அனுப்பும்படி ஒரு கோரிக்கை சேவையகத்துக்கு வந்தது, சேவையகம் அனுப்பியது. அவ்வளவுதான் கணினிக்குத் தெரியும். படித்தாரா, பக்கத்தைத் திறந்துவைத்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாரா என்பது அந்த வரியில் இல்லை.

வெளியேறும் நேரத்துக்கு வருவோம். உலாவியின் சாளரத்தைச் சும்மா மூடிவிட்டுப் போகிறவருக்கு வெளியேறிய வரியே விழாது. அப்படியானால் ‘செலவிட்ட நேரம்: 3 மணி 40 நிமிடம்’ என்று அறிக்கை எங்கிருந்து கணக்குப் போடுகிறது? ஒரு கிளிக்குக்கும் அடுத்த கிளிக்குக்கும் உள்ள இடைவெளிகளைக் கூட்டுகிறது. இடைவெளி ஒரு வரம்பைத் தாண்டினால் அவர் எழுந்து போய்விட்டதாக வைத்துக்கொள்கிறது. அந்த வரம்பு அரை மணியா ஒரு மணியா என்பது யாரோ ஒருவர் தேர்ந்தெடுத்த எண். அந்த எண்ணை மாற்றினால் அதே மாணவர் நேற்றைவிட இன்று அதிக உழைப்பாளியாகிவிடுவார்.

இதை ஒரு மாணவியை வைத்துப் பார்க்கலாம். அவள் ஒரே மாலையில் 6 பாடக் கோப்புகளைத் தரவிறக்கி, மெத்ரோவில் வேலைக்குப் போய்வரும்போது ஒரு வாரம் படிக்கிறாள். அவள் வரலாற்றில் 6 வரிகள். இன்னொருவர் அதே பாடங்களைத் திரையில் திறந்து, கவனம் சிதறி, மூடி, மறுபடி திறக்கிறார். அவர் வரலாற்றில் 60 வரிகள். அறிக்கையின் வரைபடத்தில் இரண்டாமவருக்கு உயரமான கம்பம், முதலாமவளுக்குக் கட்டையான கம்பம். வீட்டில் ஒரே கணினியை இருவர் பகிர்ந்துகொண்டால் கணக்கு இன்னும் குழம்பும்.

நிறுவனப் பயிற்சிகளில் இன்றும் பரவலாக இருக்கும் ‘ஸ்கார்ம்’ தரநிலை அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் முயற்சியில் உருவானது. அதன் 1.2 பதிப்பு 2001இல் வந்தது. அது ஒரு பாடத்தின் நிலையை ஆறு சொற்களில் அடக்குகிறது: தேறினார், முடித்தார், தவறினார், முடிக்கவில்லை, புரட்டிப் பார்த்தார், தொடவில்லை. கற்பவர் எங்கே நிறுத்தினார் என்பதைச் சேமிக்க 4,096 எழுத்துகளே இடம். நீளமான பாடங்களில் அந்த இடம் நிரம்பிவிட்டால் பாதியில் விட்டவர் திரும்பி வரும்போது தொடக்கத்துக்கே தள்ளப்படலாம். 2013இல் வெளியான ‘எக்ஸ்-ஏபிஐ’ தரநிலை இந்த இறுக்கத்தைத் தளர்த்தியது. யார், என்ன செய்தார், எதில் செய்தார் என்று வாக்கியம் வாக்கியமாக எழுதிவைக்கும் முறை அது. கைப்பேசிச் செயலி, பயிற்சிக் கருவி, செய்முறைக்கூடம் என எங்கிருந்தும் வாக்கியங்கள் வந்து ஒரே கிடங்கில் சேரும். பதிவு செறிவானது, கண்காணிப்பும் அதே அளவுக்கு விரிந்தது.

மொன்றியலின் தொலைக்கல்வி அனுபவம்

இந்தக் கேள்விகளை நெடுங்காலம் யோசித்த நகரம் மொன்றியல். கியூபெக்கின் தொலைக்கல்விப் பல்கலைக்கழகமான ‘தெலுக்’ 1972இல் தொடங்கியது. பாடப் பொதி தபாலில் போகும், பயிற்றுநர் தொலைபேசியில் பேசுவார். மாணவரின் முன்னேற்றம் அவர் அனுப்பும் ஒப்படைப்புகளிலும் கேட்கும் கேள்விகளிலும் மட்டுமே தெரியும். எத்தனை நாள் புத்தகத்தைத் திறக்கவில்லை என்பது மாணவருக்கு மட்டுமே தெரிந்த செய்தி.

இணையம் வந்தபோது தெலுக்கின் ‘லிசெஃப்’ ஆய்வு மையம் அந்த மாற்றத்துக்கு வடிவம் கொடுக்க முயன்றது. 1992இல் அதை நிறுவியவர் ஜில்பேர் பக்கெட். கியூபெக் முதல்வர் ரெனே லெவெக்கின் அமைச்சரவையில் அறிவியல் தொழில்நுட்ப அமைச்சராக இருந்தவர் அவர். அவருடைய குழு 1990களில் வகுத்த மெய்நிகர் வளாக மாதிரியில் ஐந்து பாத்திரங்கள் உண்டு: கற்பவர், பயிற்றுநர், பொருளறிவு தருபவர், பாடத்தை வடிவமைப்பவர், நிர்வகிப்பவர். ‘எக்ஸ்ப்ளோரா’ என்ற அவர்களுடைய அமைப்பு ஒவ்வொரு பாத்திரத்துக்கும் தனிச் சூழலும் தனிக் கருவிகளும் தர முயன்றது. அதில் கற்பவர் வெறும் தரவுப்புள்ளியாக நிற்கவில்லை. தன் பயணத்தை நடத்திச் செல்கிறவராக, அமைப்பின் முதல் பாத்திரமாக வைக்கப்பட்டார். பிற்காலத்து வணிக மென்பொருள்கள் பலவற்றில் நிர்வகிப்பவரின் திரைதான் வளர்ந்தது. கற்பவருக்கு எஞ்சியது ஒரு சதவீதப் பட்டை.

நகரின் இன்னொரு பெரும் பங்களிப்பு கொன்கோர்டியாவின் கற்றல் ஆய்வு மையத்திலிருந்து வந்தது. ராபர்ட் பெர்னார்ட், பிலிப் ஆப்ரமி உள்ளிட்ட குழு 2004இல் ஒரு தொகுப்பாய்வை வெளியிட்டது. தொலைக்கல்வியையும் வகுப்பறைக் கல்வியையும் ஒப்பிட்ட 232 ஆய்வுகளை அது திரட்டி அளந்தது. சராசரியில் இரண்டுக்கும் வேறுபாடு கிட்டத்தட்ட இல்லை. ஆனால் சராசரிக்கு இருபுறமும் முடிவுகள் வெகுதூரம் சிதறிக் கிடந்தன. சில தொலைக்கல்விப் பாடங்கள் வகுப்பறையை வெகுவாக விஞ்சின, சில படுமோசமாகத் தோற்றன. ஊடகம் எது என்பதைவிடப் பாடம் எப்படி வடிவமைக்கப்பட்டது, கற்பவர் பிறரோடும் பாடத்தோடும் எப்படி உறவாடினார் என்பதே கனமான கேள்வி என்ற திசையில் அந்தக் குழுவின் அடுத்த ஆய்வுகள் சென்றன. செயல்பாட்டு அறிக்கையைப் படிக்கிறவர்கள் இதைப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஒரு பாடத்தில் பாதிப் பேர் மூன்றாம் அலகில் நின்றுபோனால், முதலில் சந்தேகிக்க வேண்டியது மூன்றாம் அலகை. அந்தப் பாதிப் பேரின் ஒழுக்கத்தை அல்ல.

எண் எவ்வளவு தாங்கும்?

2011இல் கனடாவின் பான்ஃப் நகரில் கற்றல் பகுப்பாய்வுக்கான முதல் பன்னாட்டு மாநாடு நடந்தது. அதன் பிறகு இத்துறை வேகமாக வளர்ந்தது, தன்னைத்தானே கேள்வி கேட்கவும் செய்தது. 2015இல் விடோமிர் கோவனோவிச்சும் சகாக்களும் நேரக் கணக்கின் உள்ளே கைவிட்டுப் பார்த்தார்கள். ஒரே பதிவுகளின் மேல் நேரத்தை மதிப்பிடும் 15 வழிகளைப் போட்டுப் பார்த்தபோது, எந்த வழியைத் தேர்ந்தோம் என்பதைப் பொறுத்து ஆய்வின் முடிவே மாறக்கூடும் என்று தெரிந்தது. அடுத்த ஆண்டு டிராகன் காஷெவிச் குழு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகம் ஒன்றின் ஒன்பது பாடங்களில், 4,134 மாணவர்களின் மூடுல் பதிவுகளை ஆராய்ந்தது. ஒரு பாடத்தில் வெற்றியைக் காட்டிய செயல்பாடு இன்னொரு பாடத்தில் எதையும் காட்டவில்லை. எல்லாப் பாடத்துக்கும் பொதுவான ‘நல்ல மாணவர் நடத்தை’ என்று ஒன்றை வரைந்துவைப்பது தவறு என்று அவர்கள் எச்சரித்தார்கள்.

இதைவிட நேரடியான பாடம் அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்திலிருந்து கிடைத்தது. அங்கே ‘கோர்ஸ் சிக்னல்ஸ்’ என்ற அமைப்பு மதிப்பெண், உழைப்பு, முன்வரலாறு ஆகியவற்றைக் கூட்டிக் கணக்கிட்டு மாணவருக்குச் சிவப்பு, மஞ்சள், பச்சை விளக்குக் காட்டியது. இந்த அமைப்புள்ள பாடங்களை இரண்டோ அதற்கு மேலோ எடுத்தவர்கள் படிப்பைத் தொடர்வது வெகுவாகக் கூடியது என்று அறிவிக்கப்பட்டது. 2013இல் மைக் கால்ஃபீல்டு ஓர் ஓட்டையைக் காட்டினார். படிப்பைத் தொடர்ந்தவர்களுக்குத்தான் இப்படிப்பட்ட பாடங்களை இரண்டு முறை எடுக்க வாய்ப்பே கிடைக்கும், முதல் பருவத்திலேயே விலகியவருக்கு அது கிடைக்காது. ஆல்ஃபிரட் எஸா அதைக் கணினியில் பாவனையாக ஓட்டினார். விளக்குகளுக்குப் பதிலாக மாணவர்களுக்குச் சாக்லேட் கொடுத்தாலும் அதே ‘முன்னேற்றம்’ கணக்கில் வந்து நின்றது.

பதிவுகள் பொய் சொல்லவில்லை. கேட்காத கேள்விக்கு அவற்றிலிருந்து பதில் பிடுங்கியதுதான் பிழை. மூடுலே 2017 நவம்பரில் வெளியான 3.4 பதிப்பிலிருந்து, பாடத்திலிருந்து விலகக்கூடியவர்களை முன்கணிக்கும் வசதியைச் சேர்த்திருக்கிறது. அதை இயக்கும் ஒவ்வொரு நிறுவனமும் சாக்லேட் கணக்கை ஒரு முறை நினைத்துக்கொள்வது நல்லது.

சான்றும் தீர்ப்பும்

வேலையிடத்தில் இந்த அறிக்கைகளுக்கு நியாயமான தேவை இருக்கிறது, அதை மறுக்கக் கூடாது. கியூபெக்கில் 1995ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஆண்டுச் சம்பளத் தொகை 20 லட்சம் டாலரைத் தாண்டும் நிறுவனம் அதில் 1 சதவீதத்தை ஊழியர் பயிற்சிக்குச் செலவிட வேண்டும். செலவிடாத பங்கை அரசு நிதியத்துக்குக் கட்ட வேண்டும். செலவைக் காட்ட ஆவணம் வேண்டும். கட்டுமானத் தளத்தில் வேலை செய்ய 30 மணி நேரப் பாதுகாப்புப் பயிற்சி கட்டாயம். உணவகங்களில் சுகாதாரப் பயிற்சிச் சான்று பெற்றவர் இருக்க வேண்டும். சாரத்தில் ஏறுகிறவர் பயிற்சி முடித்தாரா என்று கேட்பது அவர் உயிரைக் காக்கிற கேள்வி. அதற்கு ‘முடித்தார், இந்தத் தேதி, இந்த மதிப்பெண்’ என்ற மூன்று கட்டங்கள் போதும்.

சிக்கல் தொடங்குவது நான்காவது கட்டத்தில். அதே ஊழியர் எத்தனை மணிக்கு லாகின் செய்தார், ஒரு கேள்விக்கு எத்தனை விநாடி யோசித்தார், எத்தனை முறை தவறினார் என்பதும் சேர்ந்தே மேலாளர் திரையில் ஏறுகிறது. கேட்டதால் ஏறவில்லை, மென்பொருளில் இருப்பதால் ஏறுகிறது. பிரெஞ்சு இரண்டாம் மொழியாகவோ மூன்றாம் மொழியாகவோ வாய்த்த ஒரு தமிழ்த் தொழிலாளி கேள்வியை இரண்டு முறை படிப்பார். அகராதியைப் பார்ப்பார். அவர் எடுத்த நேரம் அவருடைய கவனத்தின் அடையாளம். வரைபடத்தில் அது மந்தம் என்று தெரியும். பயிற்சி முடிந்ததற்கான சான்று வேறு, ஆளைப் பற்றிய தீர்ப்பு வேறு. ஒன்றுக்காகத் திரட்டிய தரவு மற்றொன்றுக்கு ஓசையில்லாமல் நழுவுவதுதான் இந்தத் துறையின் பெரிய அநீதி.

கியூபெக் வகுத்த வரம்பு

இந்த நழுவலைச் சட்டத்தின் கண்ணில் கொண்டுவந்து நிறுத்தியது மொன்றியலுக்குக் கிழக்கே உள்ள வால்-டே-செர் பள்ளிச் சேவை மையத்தின் வழக்கு. ஆறாம் வகுப்பு மாணவர்களில் பின்னாளில் படிப்பை நிறுத்திவிடும் அபாயமுள்ளவர்களைக் கண்டறிய, மாணவர் கோப்புகளில் இருந்த தரவுகளை வைத்து ஒரு முன்கணிப்புக் கருவியை அம்மையம் உருவாக்கியது. 2022 நவம்பரில் கியூபெக்கின் தகவல் அணுகல் ஆணையம் தீர்ப்பளித்தது. இடைநிற்றலைத் தடுக்கும் நோக்கத்தை அது குறைசொல்லவில்லை. ஆனால் பெயரை நீக்கிய தரவு முழுமையாக அடையாளமற்றதாகிவிடாது என்றது. அதைவிட முக்கியமாக, கருவி உமிழும் ‘அபாயக் குறியீடு’ அந்தக் குழந்தையைப் பற்றிய ஒரு புதிய தனிப்பட்ட தகவல் என்றது. ஏற்கெனவே கையில் இருந்த தரவிலிருந்துதானே எடுத்தோம் என்ற வாதம் எடுபடவில்லை. புதிய தகவலை உண்டாக்குவதும் தகவல் சேகரிப்பே. ஆகவே பெற்றோருக்குத் தெரிவிக்கும்படி ஆணையிட்டது.

கற்பவர் பதிவுகளைக் கையாளும் எல்லோருக்கும் இந்தத் தீர்ப்பின் உட்பொருள் பொருந்தும். 500 கிளிக்குகள் ஒரு தரவு. அவற்றிலிருந்து ‘ஆர்வம் குறைந்தவர்’ என்று பெறப்படும் முத்திரை வேறொரு தரவு. முதலாவதற்குச் சம்மதித்தவர் இரண்டாவதற்கும் சம்மதித்தார் என்று கொள்ள முடியாது.

2021 செப்டம்பரில் நிறைவேறி, 2022 முதல் 2024 வரை கட்டம் கட்டமாக நடைமுறைக்கு வந்த ‘25ஆம் சட்டம்’ இதே திசையில் செல்கிறது. ஒருவரை அடையாளம் காணவோ, இருப்பிடம் அறியவோ, அவரைப் பற்றி உருவரை தீட்டவோ கூடிய தொழில்நுட்பத்தைப் பயன்படுத்தினால் அவருக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டும். முழுக்க இயந்திரமே எடுக்கும் முடிவானால் அதையும் சொல்ல வேண்டும். கேட்டால் எந்தத் தகவல்கள், எந்தக் காரணிகள் அந்த முடிவுக்கு இட்டுச்சென்றன என்று விளக்க வேண்டும், மறுபரிசீலனை செய்யக்கூடிய ஒரு மனிதரிடம் தன் தரப்பைச் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும். சேகரித்த நோக்கம் முடிந்ததும் தகவலை அழிக்கவோ அடையாளமற்றதாக்கவோ வேண்டும். மீறினால் தனியார் நிறுவனங்களுக்குத் தண்டத்தொகை இரண்டரைக் கோடி டாலர் அல்லது உலகளாவிய விற்றுமுதலில் 4 சதவீதம் வரை, எது அதிகமோ அது.

நம் பக்கத்துக் கணக்கு

தமிழ்நாட்டு வாசகருக்கும் இது அயலூர்ச் சேதி அல்ல. இந்திய அரசின் ‘தீக்‌ஷா’ தளம் 2017 செப்டம்பரில் தொடங்கியது. தொற்றுக்காலத்தில் மாணவர்கள் பாடத்துக்கும் ஆசிரியர்கள் ‘நிஷ்டா’ பயிற்சிக்கும் அதையே நம்பியிருந்தார்கள். பாதுகாப்பில்லாத ஒரு சேமிப்புக் கிடங்கு வழியாகப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்கள், ஏறக்குறைய ஆறு லட்சம் மாணவர்களின் விவரங்கள் ஓராண்டுக்கும் மேலாகத் திறந்து கிடந்தன என்று 2023 ஜனவரியில் ‘வயர்ட்’ இதழ் வெளியிட்டது. அவற்றில் பெயரும் தொலைபேசி எண்ணும் மட்டும் இல்லை. எந்தப் பள்ளி, எப்போது பாடத்தில் சேர்ந்தார், எவ்வளவு முடித்தார் என்பதும் இருந்தது. அரைகுறையாக விட்ட பாடம் ஊரறியக் கிடந்தது.

2023இன் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் குழந்தைகளின் நடத்தையைத் தொடர்ந்து கண்காணிப்பதைத் தடைசெய்கிறது. 2025 நவம்பரில் வெளியான விதிகள் கல்வி நிறுவனங்களுக்கு, கல்விச் செயல்பாடுகளுக்காகவும் மாணவர் பாதுகாப்புக்காகவும் அந்தத் தடையிலிருந்து விலக்கு தருகின்றன. பள்ளிகள் இயங்க அந்த விலக்கு தேவைதான். ஆனால் ‘கல்விச் செயல்பாடு’ எங்கே முடிகிறது, ஆளை எடைபோடுவது எங்கே தொடங்குகிறது என்ற கோட்டை யார் வரைவார்கள்? வால்-டே-செர் போன்ற ஒரு தெளிவான தீர்ப்பு இந்தியாவிலும் வர வேண்டும்.

நல்ல அறிக்கை எப்படி இருக்கும்?

அறிக்கை வேண்டாம் என்பதல்ல என் வாதம். தனியாகப் படிக்கும் ஒருவர் மூன்று வாரமாகத் தளத்துக்கு வரவில்லை என்றால், ‘என்னம்மா, ஏதும் சிக்கலா?’ என்று ஒரு ஆசிரியர் கேட்பதற்கு அந்தப் பதிவு துணைநிற்கிறது. தபால் காலத்துப் பயிற்றுநருக்கு அந்த வாய்ப்பு இல்லை. பதிவு அந்த அழைப்போடு நிற்க வேண்டும். அழைப்பு வராமலே அபாயப் பட்டியலில் பெயர் ஏறுவது கற்பித்தல் ஆகாது.

ஆகவே சில வரம்புகளை நிறுவனங்கள் தாமாகவே எழுதிக்கொள்ளலாம். முதலாவது, மேலாளரோ ஆசிரியரோ காணும் அதே அறிக்கையைக் கற்பவரும் அதே நாளில் காண வேண்டும், அதன்கீழ் விளக்கம் எழுத அவருக்கு இடம் வேண்டும். ‘கோப்பைத் தரவிறக்கிப் படித்தேன்’ என்ற ஒற்றை வரி 60 கிளிக்குகளைவிட உண்மையானது. இரண்டாவது, செலவிட்ட நேரத்தைக் காட்டுகிற எந்த அறிக்கையும் அது மதிப்பீடு என்பதையும் இடைவெளி வரம்பு எத்தனை நிமிடம் என்பதையும் பக்கத்திலேயே சொல்ல வேண்டும். மூன்றாவது, சட்டம் கேட்பது தேதியும் மதிப்பெண்ணும்தான் என்றால் அவை மட்டுமே மேலாளர் திரையில் ஏற வேண்டும். நான்காவது, அழிக்கும் தேதி இல்லாமல் எந்தப் பதிவும் தொடங்கக் கூடாது. ஐந்தாவது, ஒவ்வொரு பருவ முடிவிலும் அறிக்கையை ஒரு முறை தலைகீழாகப் படிக்க வேண்டும். யார் பின்தங்கினார் என்று கேட்பதற்கு முன், எந்தப் பாடம் ஆட்களைப் பின்தங்க வைத்தது என்று கேட்க வேண்டும்.

இவற்றுள் எதற்கும் புதிய மென்பொருள் வேண்டியதில்லை. மூடுலில் யார் எந்த அறிக்கையைக் காணலாம் என்பதை நிர்வாகி தீர்மானிக்கலாம், பதிவுகளை எத்தனை நாள் வைத்திருப்பது என்பதையும் அமைக்கலாம். வேண்டியது அந்தத் தீர்மானத்தை ஒரு தொழில்நுட்பப் பணியாளரின் பழக்கத்துக்கு விட்டுவிடாமல், கற்பவர்களையும் கூட்டிவைத்து எடுக்கும் மனம். தன்னைப் பற்றி என்ன எழுதப்படுகிறது என்று தெரிந்தவர் அச்சமின்றித் தவறு செய்வார். தவறு செய்யத் துணிகிறவர்தான் கற்கிறார். அந்தத் துணிவைக் குலைக்கிற அறிக்கை எத்தனை துல்லியமாக இருந்தாலும் பயிற்சிக்கு உதவாது.